சி.சி.சி. முகாம் வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஏதாவது ஒரு தேசியப் பூங்காவைச் சுற்றிப் பார்த்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். ஒரு கல் சுவரையோ, மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய பழைய விடுதியையோ காட்டி, “இது சி.சி.சி. பையன்கள் கட்டியது” என்பார் வழிகாட்டி. யார் அந்தப் பையன்கள், எத்தனை மணிக்கு எழுந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், கையில் எவ்வளவு வாங்கினார்கள்? இந்தப் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் அதுதான். அரசியல் வேண்டிய அளவுக்கு மட்டும்.

சி.சி.சி. என்றால் என்ன?

சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்பதன் சுருக்கம். வேலையில்லாத இளைஞர்களைக் கூட்டிப் போய்க் காட்டிலும் மலையிலும் முகாம் போட்டுத் தங்கவைத்து, மரம் நடுவது, மண் அரிப்பைத் தடுப்பது, காட்டுத் தீயை அணைப்பது, பூங்கா அமைப்பது போன்ற வேலைகளைச் செய்யவைத்த அரசுத் திட்டம். 1933 முதல் 1942 வரை ஒன்பது வருஷம் நடந்தது. மொத்தம் சுமார் 30 லட்சம் பேர் இதில் இருந்திருக்கிறார்கள்.

1929-இல் பங்குச்சந்தை விழுந்ததிலிருந்து நிலைமை மோசமாகிக்கொண்டே போய், 1933 தொடக்கத்தில் வேலைக்குப் போகக்கூடியவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. பள்ளிக்கூடத்தை முடித்த பையனுக்கு முதல் வேலையே கிடைக்கவில்லை. வீட்டில் ஒரு வாய் குறையட்டும் என்று சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவர்கள் ஏராளம். அதே சமயம், பல பத்தாண்டுகளாகக் கணக்கில்லாமல் வெட்டிய காடுகள் மொட்டையாகக் கிடந்தன, விளைநிலத்தின் மேல்மண் ஆற்றோடு போய்க்கொண்டிருந்தது. இரண்டு பிரச்சினையையும் ஒன்றோடொன்று கோர்த்துவிடலாம் என்பதுதான் அதிபர் ரூஸ்வெல்ட்டின் யோசனை.

வேகத்தைப் பாருங்கள். மார்ச் 4 அன்று அவர் பதவியேற்றார். மார்ச் 31 அன்று சட்டத்தில் கையெழுத்து. ஏப்ரல் 17 அன்று வர்ஜீனியா மாநிலத்தில் லூரே ஊருக்குப் பக்கத்துக் காட்டில் முதல் முகாம். ஜூலைக்குள் 1,300 முகாம்கள், ஏறக்குறைய 2,75,000 ஆட்கள்.

யார் சேரலாம்?

18 முதல் 25 வயதுவரை, கல்யாணம் ஆகாத, வேலையில்லாத ஆண்கள். பெரும்பாலும் அரசு நிவாரணம் வாங்கும் குடும்பத்துப் பையன்கள். வயது வரம்பைப் பின்னால் சிலமுறை மாற்றி, 17 வயதிலேயே எடுத்தார்கள். ஒரு தவணை ஆறு மாதம். அது முடிந்தால் நீட்டித்துக்கொள்ளலாம். மொத்தம் இரண்டு வருஷத்துக்கு மேல் பொதுவாக விடமாட்டார்கள்.

இது தவிர, முதல் உலகப் போரில் சண்டை போட்டுவிட்டு வந்து வேலையில்லாமல் இருந்த பழைய சிப்பாய்களுக்கென்று தனி முகாம்கள் இருந்தன. அவர்களுக்கு வயது, கல்யாணம் எதுவும் தடையில்லை. அந்தந்தப் பகுதியின் காடு தெரிந்த உள்ளூர் ஆட்களையும் ஒவ்வொரு முகாமிலும் சிலரைச் சேர்த்துக்கொண்டார்கள். நியூயார்க் தெருவில் வளர்ந்த பையனிடம் கோடாரியைக் கொடுத்தால் முதலில் அவன் காலைத்தான் வெட்டிக்கொள்வான். அதனால் இந்த உள்ளூர்க்காரர்கள் ரொம்பவே தேவைப்பட்டார்கள். ஊரில் வெளியாட்களைப் பற்றி இருந்த முணுமுணுப்பும் இதனால் அடங்கியது.

சம்பளம் எவ்வளவு?

மாதம் 30 டாலர். ஆனால் பையன் கைக்கு வந்தது பெரும்பாலும் 5 டாலர்தான். மீதி 25 டாலர் அரசாங்கக் காசோலையாக நேரே வீட்டுக்குப் போய்விடும். சேரும்போதே இதற்குச் சம்மதித்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

என்னைக் கேட்டால், இந்தத் திட்டத்தின் உயிரே அந்த 25 டாலரில்தான் இருந்தது. அப்பாவுக்கு வேலை போய்விட்டது, வீட்டு வாடகை பாக்கி, மளிகைக் கடையில் கடன் ஏறிக்கிடக்கிறது. அந்த வீட்டுக்கு மாதாமாதம் தவறாமல் தபாலில் ஒரு காசோலை வருகிறது, அதுவும் பதினெட்டு வயதுப் பையன் சம்பாதித்தது. “வெட்டியாக உட்கார்ந்து சாப்பிடுகிறான்” என்ற பேச்சோடு வீட்டை விட்டு வந்தவன், அப்பா அம்மா தம்பி தங்கை எல்லோருக்கும் சேர்த்துச் சோறு போடுகிறவன் ஆகிவிட்டான். இது அப்பாக்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது வேறு கதை.

கையில் இருக்கும் 5 டாலரில் முகாம் கடையில் சிகரெட், மிட்டாய், சோடா, தபால்தலை வாங்கலாம். சனிக்கிழமை டவுனுக்குப் போனால் சினிமா. சாப்பாடு, துணி, தங்குமிடம், மருத்துவம் எல்லாம் இலவசம் என்பதால் கஷ்டம் தெரியாது. பையன்களில் கொஞ்சம் பொறுப்பானவர்களை மேற்பார்வைக்கு எடுத்தால் 36 அல்லது 45 டாலர் கிடைக்கும்.

ஒரு நாளுக்கு ஒரு டாலர் என்பது கூலிச் சந்தையையே கெடுத்துவிடும் என்று தொழிற்சங்கத் தலைவர்கள் ஆரம்பத்தில் கொதித்தார்கள். ரூஸ்வெல்ட் சாமர்த்தியமாக ஒரு தொழிற்சங்கத் தலைவரையே, ராபர்ட் ஃபெக்னர் என்பவரை, திட்டத்தின் இயக்குநர் ஆக்கினார். அத்தோடு அந்தச் சத்தம் குறைந்தது.

இது ராணுவமா?

இல்லை. ஆனால் பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

ஆள் எடுப்பது தொழிலாளர் துறை. என்ன வேலை, எங்கே, எப்படி என்று சொல்வது விவசாயத் துறையும் உள்துறையும் (அமெரிக்காவில் உள்துறை என்றால் போலீஸ் இல்லை, நிலமும் பூங்காவும்தான்). ஆனால் லட்சக்கணக்கான ஆட்களைச் சில வாரங்களில் ஏற்றி இறக்கி, கூடாரம் போட்டு, மூன்று வேளை சோறு போட அன்றைக்குத் தெரிந்த ஒரே அமைப்பு ராணுவம்தான். அதனால் முகாமை நடத்துவது ராணுவ அதிகாரி. காலையில் பையன்கள் வனத்துறை மேற்பார்வையாளரின் ஆட்கள், சாயங்காலம் லாரியிலிருந்து இறங்கியதும் கேப்டனின் ஆட்கள்.

துப்பாக்கிப் பயிற்சி கிடையாது. அந்தக் காலத்தில் ஜெர்மனியில் நடந்துகொண்டிருந்ததைப் பார்த்துப் பயந்துபோன மக்கள், இங்கேயும் இளைஞர் படையா என்று கேட்டதால், அதில் கவனமாக இருந்தார்கள். முதலில் கொடுத்த உடைகள் மட்டும் முதல் உலகப் போரில் மிஞ்சியவை. அளவு பொருந்துவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

ஒரு நாள் எப்படிப் போகும்?

ஒரு முகாமில் ஏறக்குறைய 200 பேர். முதல் வருஷம் கூடாரம்தான். அப்புறம் மரப்பலகையில் நீளநீளமான கொட்டகைகள் வந்தன. இரண்டு பக்கமும் கட்டில் வரிசை, நடுவில் விறகு அடுப்பு. அடுப்புக்குப் பக்கத்தில் படுத்தவனுக்கு வேர்க்கும், கதவோரம் படுத்தவனுக்கு விறைக்கும்.

காலை ஆறு மணிக்குக் குழல் ஊதும். முகம் கழுவி, கொஞ்சம் உடற்பயிற்சி, உடனே சாப்பாட்டுக்கூடம். அதன்பின் கட்டிலைச் சரிசெய்து, கொட்டகையைப் பெருக்கி, முற்றத்தில் கிடக்கும் சிகரெட் துண்டு வரை பொறுக்க வேண்டும். எட்டு மணிக்குள் கருவிக் கொட்டகையில் மண்வெட்டி, கோடாரி, கடப்பாரை எடுத்துக்கொண்டு லாரியில் ஏறினால், வேலை நடக்கும் இடத்தில்தான் இறக்கம். மதியச் சாப்பாடு அங்கேயே வரும்: சான்ட்விச், காபி, உள்ளே பழம் வைத்துச் சுட்ட ‘பை’ ஒரு துண்டு. நாலு மணிக்குத் திரும்பி, குளித்து, சுத்தமான உடை மாட்டிக்கொண்டு கொடி இறக்கும் அணிவகுப்பில் நிற்க வேண்டும். ஐந்தரை வாக்கில் இரவுச் சாப்பாடு. அதற்குமேல் அவரவர் நேரம்: பேஸ்பால், குத்துச்சண்டை, சீட்டு, கடிதம் எழுதுவது, வகுப்பு. பத்து மணிக்கு விளக்கு அணைந்துவிடும்.

வாரத்துக்கு 40 மணி நேர வேலை. சனி, ஞாயிறு பொதுவாக விடுமுறை, மழையில் போன வேலைநாளைச் சனிக்கிழமை ஈடுகட்டினால் தவிர. தீ பிடித்தால் எந்தக் கணக்கும் இல்லை.

சாப்பாடு எப்படி?

சாதாரணம்தான், ஆனால் வயிறு நிறைய. காலையில் ஓட்ஸ் கஞ்சி, முட்டை, பன்றி இறைச்சி, ரொட்டி, காபி. இரவில் இறைச்சி, உருளைக்கிழங்கு, காய்கறி, ஏதோ ஓர் இனிப்பு. எவ்வளவு வேண்டுமானாலும் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம் என்பது பல பையன்களுக்கு நம்ப முடியாத விஷயமாக இருந்தது. சேர்ந்த முதல் சில மாதங்களிலேயே எடை கூடிவிடும். 1933 ஆகஸ்டில் ரூஸ்வெல்ட் ஷெனான்டோவா மலையில் உள்ள முகாம்களைப் பார்க்கப் போய், பையன்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். நீங்கள் ஆளுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு பவுண்டு ஏறியிருக்கிறீர்களாம், நான் பன்னிரண்டு பவுண்டு குறைக்கப் பார்க்கிறேன், நமக்குள் அதுதான் வித்தியாசம் என்று கிண்டலடித்தார். பன்னிரண்டு பவுண்டு என்றால் ஐந்தரைக் கிலோ. சாப்பாடு இல்லாமல் எவ்வளவு வற்றிப் போய் வந்தார்கள் என்றும் அதைப் படிக்கலாம்.

முகாமுக்கு வேண்டிய காய்கறி, பால், ரொட்டி பலவும் பக்கத்து ஊரில்தான் வாங்கப்பட்டன. “நகரத்து ரவுடிப் பையன்கள் வருகிறார்கள்” என்று முதலில் பயந்த ஊர்கள், பின்னால் “எங்கள் முகாமை மூடாதீர்கள்” என்று மனுப் போட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேலை என்றால் மரம் நடுவதுதானா?

பேர் வந்தது அதில்தான். ரூஸ்வெல்ட்டின் மரப்படை என்றே சொல்வார்கள். நட்ட மரங்கள் 300 கோடி என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. குறைத்து மதிப்பிடுகிறவர்கள்கூட 200 கோடிக்குக் கீழே போவதில்லை.

நடவு இரண்டு பேர் சேர்ந்து செய்யும் வேலை. ஒருவன் கையில் தட்டையான முனையுள்ள கனத்த இரும்புக் கம்பி. இன்னொருவன் தோளில், ஈரப் பாசியில் பொதிந்த பைன் நாற்றுகள் வைத்த பை. முதல் ஆள் கம்பியை ஓங்கித் தரையில் குத்தி, முன்னும் பின்னும் அசைத்து ஒரு பிளவு உண்டாக்குவான். இரண்டாமவன் குனிந்து நாற்றை உள்ளே விட்டு, லேசாக மேலே இழுப்பான். அந்த இழுப்பில்தான் சூட்சுமம் இருக்கிறது. இழுக்காவிட்டால் வேர் அடியில் மடங்கி நிற்கும், மரம் பிழைத்தாலும் நோஞ்சானாகத்தான் வளரும். பிறகு அதற்குப் பக்கத்தில் இன்னொரு குத்து, மண்ணை நெருக்கி மூட. கடைசியில் குதிகாலால் ஒரு மிதி. ஆறடி தள்ளி அடுத்தது. ஆறடிக்கு ஆறடி வைத்தால் ஒரு ஏக்கருக்கு 1,210 நாற்று. காலையிலிருந்து சாயங்காலம் வரை இதே குனிதல், இதே மிதி. முதல் வாரம் இடுப்பு கழன்றுவிடும்.

மற்றபடி, சாலை போட்டார்கள், பாலம் கட்டினார்கள், தொலைபேசிக் கம்பி இழுத்தார்கள், தீ பார்க்கும் கோபுரங்களை 3,000-க்கு மேல் எழுப்பினார்கள், பைன் மரத்தைக் கொல்லும் பூஞ்சை நோயைப் பரப்பும் காட்டுச் செடிகளைக் கையால் பிடுங்கினார்கள். நூற்றுக்கணக்கான மாநிலப் பூங்காக்கள் இவர்கள் கைபட்டுத்தான் உருவாயின.

மண் அரிப்புக்கு என்ன செய்தார்கள்?

விஸ்கான்சின் மாநிலத்தின் கூன் கிரீக் பள்ளத்தாக்கு நல்ல உதாரணம். செங்குத்தான சரிவில் மேலிருந்து கீழாக நேர்கோட்டில் உழுது உழுது, மழை வந்தால் வயலே இறங்கி ஓடைக்குள் போய்விடும் நிலை. 1933-இல் நாட்டின் முதல் நீர்ப்பிடிப்பு மாதிரித் திட்டம் அங்கேதான் தொடங்கியது. சி.சி.சி. பையன்கள் விவசாயிகளின் நிலத்தில் வேலி மாற்றி, ஓடைக் கரையைக் கட்டி, அரித்துப்போன பள்ளங்களுக்குக் குறுக்கே கல்லும் முள்ளும் வைத்துச் சிறு தடுப்பணைகள் போட்டு, சரிவை ஒட்டி வளைத்து உழும் முறைக்கு நிலத்தைத் தயார்செய்து கொடுத்தார்கள். விவசாயிகளைச் சம்மதிக்கவைப்பதுதான் கஷ்டமான வேலை. அப்பா உழுத மாதிரியே உழுவேன் என்பவனை மாற்றுவது எங்கேயும் லேசில்லை.

தீ அணைக்கும் வேலை ஆபத்தானதா?

ஆமாம். 1937 ஆகஸ்டில், வயோமிங் மாநிலத்தின் ஷோஷோனி காட்டில் மின்னல் விழுந்து பிளாக்வாட்டர் தீ மூண்டது. காற்றின் திசை திடீரென்று மாறியதில் நெருப்பு ஆட்களைச் சூழ்ந்துகொண்டது. 15 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் சி.சி.சி. இளைஞர்கள். இனி ஆட்கள் நடந்து போய்ச் சேர்வதற்குள் தீ பெரிதாகிவிடக் கூடாது என்ற யோசனை இதற்குப் பிறகு வலுத்தது. விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்து அணைக்கும் குழுக்களுக்கான சோதனை 1939-இல் தொடங்கியது.

புதுப் பையன்களைச் சீண்டுவார்களா?

விடுவார்களா? இடதுகைக்காரன் பயன்படுத்தும் ஸ்பானர் வாங்கி வா என்று கருவிக் கொட்டகைக்கு அனுப்புவார்கள். படுக்கை விரிப்பை நடுவில் மடித்துவைத்துக் காலை நீட்ட முடியாமல் செய்வார்கள். ராத்திரியில் கோணிப்பையைக் கையில் கொடுத்து, இல்லாத பறவையைப் பிடிக்கக் காட்டோரம் நிற்கவைத்துவிட்டு எல்லோரும் வந்து தூங்கிவிடுவார்கள். அடுத்த குழு வரும்போது இவன் முன்னால் நின்று அதையே செய்வான்.

ஓடிப்போனால் என்ன தண்டனை?

சிறையெல்லாம் இல்லை. முகாமில் சின்னத் தப்புக்குக் கூடுதல் சமையலறை வேலை, அல்லது சம்பளத்தில் சிறு பிடித்தம். பெரிய தப்புக்கு, அல்லது சொல்லாமல் போனால், பேர் கெட்டு வெளியேற்றம். அதோடு வீட்டுக்குப் போகும் காசோலையும் நின்றுவிடும். அந்தப் பயம் இருந்தும் ஓடியவர்கள் குறைவில்லை, முக்கியமாக 1930-களின் பின்பகுதியில். பாதிக் காரணம் வீட்டு நினைப்பு.

படிக்க வசதி இருந்ததா?

1933 கடைசியில் தொடங்கி முகாமுக்கு ஒரு கல்வி ஆலோசகர் வந்தார். மாலையில் விருப்பப்பட்டவர்களுக்கு வகுப்பு: தட்டச்சு, மோட்டார் ரிப்பேர், நில அளவை, ரேடியோ. எழுதப் படிக்கத் தெரியாமல் வந்தவர்களில் 40,000-க்கும் மேற்பட்டவர்கள் முகாமில் கற்றுக்கொண்டார்கள். வீட்டுக்குப் போகும் கடிதத்தை அதுவரை பக்கத்துக் கட்டில்காரன் எழுதிக் கொடுத்திருப்பான்.

எல்லா இனத்தவரும் ஒன்றாக இருந்தார்களா?

சட்டத்தில் அப்படித்தான் இருந்தது. அன்றைக்கு நாடாளுமன்றத்தில் இருந்த ஒரே கறுப்பின உறுப்பினர் ஆஸ்கர் டி பிரீஸ்ட், இனம், நிறம், மதம் பார்த்துப் பாகுபாடு கூடாது என்ற வரியைச் சேர்க்கவைத்தார். நடந்தது வேறு. ஜார்ஜியா மாநிலத்தில் ஆரம்பத்தில் கறுப்பினப் பையன்களை எடுக்கவே மாட்டோம் என்றார்கள். மத்திய அரசு மிரட்டிய பிறகுதான் இறங்கி வந்தார்கள். 1935-இல் ஃபெக்னர் முகாம்களைத் தனித்தனியாகப் பிரிக்க உத்தரவே போட்டுவிட்டார். அதற்கு அவர் சொன்ன நியாயம், பிரிப்பது பாகுபாடு இல்லை என்பது. சுமார் இரண்டு லட்சம் கறுப்பின இளைஞர்கள் இதில் வேலை செய்தார்கள். பெரும்பாலான இடங்களில் அவர்களுக்குமேல் வெள்ளை அதிகாரிகள்தான். கறுப்பின முகாம் எங்கள் ஊர்ப் பக்கம் வேண்டாம் என்று மனுப் போட்ட ஊர்கள் வடக்கிலும் இருந்தன.

பூர்வகுடி மக்களுக்கு அவர்களுடைய நிலங்களிலேயே தனிப் பிரிவு. 80,000-க்கும் மேற்பட்டவர்கள். அங்கே கல்யாணமானவர்களும் சேரலாம், வீட்டிலிருந்தே வேலைக்கு வரலாம்.

பெண்களுக்கு?

அதிபரின் மனைவி எலனோர் ரூஸ்வெல்ட் விடாமல் கேட்டதால் நியூயார்க் மாநிலத்தில் 1933-இல் ஒரு முகாம் தொடங்கி, பிறகு வேறு இடங்களிலும் வந்தன. மொத்தமே 8,500 பெண்கள்தான் பயன்பெற்றார்கள். 1937-இல் மூடிவிட்டார்கள். பத்திரிகைகள் “ஷி-ஷி-ஷி” (ஷி என்றால் ‘அவள்’) என்று கேலிசெய்தன.

செய்ததெல்லாம் நல்லதுதானா?

இல்லை. தென் மாநிலங்களில் மண்ணைப் பிடித்து நிறுத்த ஜப்பானிலிருந்து வந்த குட்ஸு கொடியை மூலைமுடுக்கெல்லாம் நட்டார்கள். அது இன்று மரம், கம்பம், வீடு எதையும் விடாமல் மூடுகிறது. நம் பக்கத்துச் சீமைக்கருவேலம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இன மரத்தை ஏக்கர் கணக்கில் நட்டது, சாலையே இல்லாத காட்டுக்குள் சாலை வெட்டியது ஆகியவற்றை அன்றைக்கே திட்டியவர்கள் உண்டு. தென்மேற்கில் முகாம் வேலைகளை மேற்பார்த்த வனவியல் அறிஞர் ஆல்டோ லியோபோல்ட், ஒரு குழு செய்வதை இன்னொரு குழு கெடுக்கிறது என்று அப்போதே சுட்டிக்காட்டினார். ஆளும் இருக்கிறது, பணமும் இருக்கிறது, சீக்கிரம் ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்ற அவசரம் தெரிகிறது.

ஏன் மூடினார்கள்?

வேலை கிடைக்கத் தொடங்கியது, அப்புறம் போர் வந்தது. 1942 நடுவில் நாடாளுமன்றம் பணத்தை நிறுத்தியது. பையன்களில் பெரும்பாலோர் ராணுவத்துக்குப் போனார்கள். வரிசையில் நிற்கவும் சேர்ந்து வாழவும் ஏற்கெனவே பழகியிருந்தார்கள். காலியான முகாம்கள் சிலவற்றில் போர்க்கைதிகளை வைத்தார்கள், சிலவற்றில் போருக்குப் போக மறுத்தவர்களை. யூட்டா மாநிலத்தில் மோவாப் ஊர் அருகே இருந்த முகாமில், போரின்போது அரசு காவலில் வைத்திருந்த ஜப்பானிய அமெரிக்கர்களில் “தொல்லை கொடுப்பவர்கள்” என்று முத்திரை குத்தப்பட்டவர்களை அடைத்தார்கள். அதே கொட்டகை, அதே அடுப்பு.

இங்கிருந்து பின்னால் பெயர் வாங்கியவர்கள்?

நடிகர் ராபர்ட் மிட்சம், குத்துச்சண்டை வீரர் ஆர்ச்சி மூர் என்று சிலர். நமக்கு முக்கியமானவர் வேளாண் விஞ்ஞானி நார்மன் போர்லாக். கல்லூரிக் கட்டணத்துக்காகப் படிப்பை நிறுத்திவிட்டு, 1935-இல் சி.சி.சி.யில் குழுத் தலைவராக வேலை பார்த்தார். அவருக்குக் கீழே வந்தவர்களில் பலர் பட்டினி கிடந்தவர்கள். சாப்பாடு அவர்களை எப்படி மாற்றியது என்று கண்ணால் பார்த்ததை அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கும்பகோணத்துக்காரரான எம்.எஸ். சுவாமிநாதனின் முயற்சியால் 1963-இல் இந்தியாவுக்கு வந்து, குட்டைக் கோதுமை ரகங்களைக் கொடுத்தவர் அதே போர்லாக்தான். 1970-இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இன்று போனால் என்ன பார்க்கலாம்?

கொலராடோ மாநிலத்தில் டென்வர் பக்கத்தில் சிவப்புப் பாறைகளுக்கு நடுவே இருக்கும் ரெட் ராக்ஸ் திறந்தவெளி அரங்கம், 1936 முதல் 1941 வரை இவர்கள் கட்டியது. பெரிய கச்சேரிகள் இன்றும் அங்கே நடக்கின்றன. அதற்குப் போகிறவர்கள் கொஞ்சம் தள்ளி மாரிசனில் அவர்கள் தங்கிய முகாமையும் பாருங்கள், கொட்டகைகள் இன்னும் நிற்கின்றன. கிராண்ட் கேன்யனில் மேலிருந்து அடிப்பள்ளம் வரை இழுத்த தொலைபேசிக் கம்பங்களையும் காணலாம்.

இவை எதுவும் பக்கத்தில் இல்லையென்றால், அந்தக் காலத்தில் நட்ட ஏதாவது ஒரு பைன் தோப்புக்குள் நடங்கள். முதலில் சாதாரணக் காடு மாதிரிதான் இருக்கும். ஓர் இடத்தில் நின்று சற்றே தலையைத் திருப்பினால், மரங்கள் சட்டென்று வரிசை பிடித்து நிற்கும்.